ஆறு மணித்தியாலங்களின் வரலாறு

"வயிறு நோகுது சேர்" என்று வகுப்பில் ஒரு பையன் சொன்னால், நோவு சரியாக எங்கே என்று நாம் கேட்பதில்லை. அவனும் வெட்கத்தில் சொல்லமாட்டான். வீட்டிலே "வாயுப் புடிச்சிருக்கும்" என்று உம்மா ஓமத் தண்ணீர் கொடுப்பா. இந்தக் கூச்சத்தின் விலையை விதைமுறுக்கு என்ற நோயின் வரலாறு சொல்லும்.

விதைக்குக் குருதியைக் கொண்டுசெல்வது விந்து நாண். சிலருக்குப் பிறப்பிலேயே விதை பையோடு சரியாகப் பிணையாமல், மணியின் நாக்குப் போலத் தொங்கும். அது சுழன்றால் நாண் முறுகி, குருதியோட்டம் தடைப்படும். பெரும்பாலும் பருவ வயதுப் பிள்ளைகளுக்கே இது வருகிறது.

விதை நுண்குழாய்களால் ஆனதென்று 1668 இல் ஒல்லாந்து வைத்தியர் டி கிராஃப் எழுதினார். 1677 இல் லீவன்ஹூக் தன் நுணுக்குக்காட்டியில் விந்தணுக்களைக் கண்டார். ஆனால் விதைமுறுக்கை முதலில் பதிவுசெய்தவராகக் கருதப்படுபவர் பிரெஞ்சு வைத்தியர் டெலாசியோவ், ஆண்டு 1840. அந்த நோயாளிக்குக் குடலிறக்கம் என்றே முதலில் எண்ணியிருந்தார்கள். 1893 இல் இங்கிலாந்தில் நாஷ் என்பவர் முறுக்கைக் கையாலேயே திருப்பி விட்டதை எழுதினார். நோயை இனங்கண்டதற்கும் இதற்கும் இடையே 53 வருடங்கள்!

குருதி நின்றால் முதலில் சாவது விந்தணுவை ஆக்கும் கலங்கள்தான். ஆண் ஓமோனைச் சுரக்கும் லெய்டிக் கலங்கள் இன்னும் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். ஆகவே காப்பாற்றப்பட்ட விதைகூடப் பிந்திச் சுருங்கி, விந்தணு குறையலாம். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் வேண்டும். அதை ஆக்கும் கலங்களை அழிக்கச் சில மணித்தியாலம் போதும். ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால் விதை பெரும்பாலும் பிழைக்கும். ஒரு நாள் கடந்தால் பிழைப்பது அரிது. பிறவிக்குறை இருபக்கமும் இருக்கக்கூடும் என்பதால், மற்ற விதையையும் தைத்துப் பிணைத்துவிடுவார்கள்.

ஒரு விதையை இழந்தவனை மலடன் என்று ஊர் முணுமுணுப்பது அநியாயம். மற்றது நலமாயிருந்தால் பெரும்பாலானோர் தகப்பனாகிறார்கள். சிலருக்கு விந்தணு குறைவதுண்டு. அதைப் பரிசோதித்துத்தான் அறியவேண்டும், ஊர்வாயால் அல்ல.

வைத்தியர்களுக்கு 53 வருடம் பிடித்தது. நமக்கு இன்று தேவைப்படுவது வாப்பா மகனிடம் சொல்லிவைக்கும் ஒரு வார்த்தை: "அந்த இடத்தில திடீரென்று நொந்தா, இரவு எத்தனை மணியென்றாலும் என்னை எழுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."