விழுந்த இடத்திலேயே சிகிச்சை: பிட்ஸ்பர்க் காட்டிய வழி

சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. ஒருவர் மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் இந்த எண்களைத்தான் அழைக்கிறார்கள். வண்டி வந்து நிற்கிறது. இறங்கி வருபவர்கள் நோயாளியை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவதில்லை. முதலில் அவர் அருகில் மண்டியிட்டு உட்காருகிறார்கள். பெயர் சொல்லி அழைத்துப் பார்க்கிறார்கள். மூச்சு வருகிறதா, நாடி துடிக்கிறதா, எங்காவது இரத்தம் போகிறதா என்று சோதிக்கிறார்கள். உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையை அங்கேயே தொடங்கிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் புறப்படுகிறார்கள்.

இன்று இது இயல்பான காரியமாகத் தெரிகிறது. ஆனால் 60 ஆண்டுகளுக்கு முன்பு, செல்வம் கொழித்த அமெரிக்காவிலேயே இந்த வசதி கிடையாது. அதை உருவாக்கிக் காட்டிய முன்னோடிகளில் ஒரு பிரிவினர், வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பின இளைஞர்கள். அந்த வரலாறு பலருக்குத் தெரியாது.

பிண ஊர்தியே ஆம்புலன்ஸ்

1966ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1965ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் 107,000 பேர் விபத்துகளில் மாண்டதாக அது கூறியது. ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறையப் பாதியை நடத்தியவர்கள் யார் தெரியுமா? இறுதிச் சடங்கு நடத்துபவர்கள்! அப்படிப்பட்டவர்கள் 12,000 பேர் இருந்தார்கள். காரணம் எளிது. ஒருவரைப் படுக்க வைத்து ஏற்றிச் செல்லும் அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது.

பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் இந்தப் பொறுப்பு காவல்துறையிடம் இருந்தது. கைதிகளை ஏற்றும் அதே வண்டியில் நோயாளியைக் கிடத்துவார்கள். காவலர் இருவரும் முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள். பின்னால் கிடப்பவருக்கு மூச்சு நின்றாலும் கவனிக்க ஆள் இல்லை. கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹில் வட்டாரத்தில் நிலைமை இன்னும் மோசம். காவலர்களுக்கும் அந்த வட்டார மக்களுக்கும் நல்லுறவு இல்லாததால், உயிர் போகும் நேரத்திலும் அவர்களைக் கூப்பிடப் பலர் தயங்கினார்கள்.

மூளைக்குப் பிராணவாயு போவது நின்றால், சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கிவிடும். வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும், அந்தச் சில நிமிடங்களில் யாரும் மூச்சுக் கொடுக்காவிட்டால் பயன் இல்லை. 1966 நவம்பரில் பிட்ஸ்பர்க் இதை நேரில் பார்த்தது. நகரின் முன்னாள் மேயரும் மாநிலத்தின் முன்னாள் ஆளுநருமான டேவிட் லாரன்ஸ், தேர்தல் கூட்டம் ஒன்றில் மாரடைப்பால் சாய்ந்தார். அவருக்கு வந்ததும் காவல்துறை வண்டிதான். மருத்துவமனையில் இதயத்தை மீண்டும் துடிக்க வைத்தார்கள். ஆனால் மூளை மீளவில்லை. நினைவு திரும்பாமலே அதே மாதம் 21ஆம் தேதி காலமானார். எவ்வளவு பெரிய செல்வாக்கும் அவரைக் காப்பாற்றவில்லை.

மூன்று படிகள்

லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் மருத்துவர் பீட்டர் சஃபார். 1924இல் வியன்னாவில் பிறந்தவர். மயக்க மருந்து நிபுணர். 1950களில் பால்டிமோர் நகரில் அவர் துணிச்சலான ஒரு சோதனை செய்தார். தாமாக முன்வந்தவர்களுக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைக் கொடுத்து, அவர்கள் மூச்சை நிறுத்தினார். பிறகு மருத்துவம் படிக்காத சாதாரண மக்களை அழைத்து, வாயோடு வாய் வைத்து ஊதச் சொன்னார். இரத்தத்தில் பிராணவாயு குறையவில்லை. மயங்கிய ஒருவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும், தலையைப் பின்னால் சாய்த்தால் வழி திறக்கும் என்பதையும் அவர் நிறுவினார்.

1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மார்பை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் காக்கும் முறையை வெளியிட்டார்கள். சஃபார் அதையும் தம் முறையோடு சேர்த்தார். மூச்சு வழி, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற மூன்று படிகள் பிறந்தன. முதலுதவி வகுப்புகளில் ஏ, பி, சி என்று பல ஆண்டுகளாகச் சொல்லித் தரப்பட்டது இதைத்தான்.

அதே 1966இல் சஃபாரின் மகள் கடுமையான ஆஸ்துமாவால் இறந்துபோனாள். உலகுக்கே மூச்சுக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தவரின் பிள்ளைக்கு நேர்ந்த முடிவு அது. மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதில் அவர் மேலும் உறுதியானார்.

யார் வருவார்கள்?

திட்டம் தயார். ஆட்கள் வேண்டுமே? ஹில் வட்டாரத்தில் ஃபிரீடம் ஹவுஸ் என்ற கறுப்பினத்தவர் அமைப்பு, வேலை வாய்ப்புகளை உருவாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டிய அனுபவமுள்ள ஃபில் ஹாலன் என்ற அறநிதி நிர்வாகி, அந்த அமைப்பையும் சஃபாரையும் இணைத்து வைத்தார். 1967இல் பயிற்சி தொடங்கியது. சேர்ந்தவர்களில் பலர் வேலையற்றவர்கள். உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்களும், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களும் இருந்தார்கள். உடலமைப்பு, உயிர்மீட்பு, தாதிமை, பாதுகாப்பாக வண்டி ஓட்டுதல் என்று ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி. மருத்துவமனையிலும் நேரடியாகக் கற்றார்கள்.

அவர்கள் கற்றதில் முக்கியமானது எது? மதிப்பிடுவது. சர்க்கரை குறைந்து மயங்கியவரும் மது அருந்தி விழுந்தவரும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பார்கள். ஒருவரைக் குடிகாரர் என்று ஒதுக்கிவிட்டால் அவர் செத்துப்போகலாம். எனவே தோற்றத்தைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. மூச்சு, நாடி, கண்பாவை, தோலின் நிறம், பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் விவரம் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். தோற்றத்தை வைத்தே ஊரால் ஒதுக்கப்பட்ட இளைஞர்கள், தோற்றத்தை நம்பாத இந்தக் கலையில் தேர்ந்தார்கள்.

1968இல் வண்டிகள் ஓடத் தொடங்கின. நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க இடம்விட்டு அமைக்கப்பட்ட வண்டிகள் அவை. முதல் ஆண்டிலேயே சுமார் 5,800 அழைப்புகளுக்கு அவர்கள் விரைந்தார்கள். ஏழைகளின் வட்டாரத்துக்குக் கிடைத்த இந்தச் சேவை, வசதி படைத்த வெள்ளையர் பகுதிகளில் இல்லை. அங்கே இன்னும் காவல்துறை வண்டிதான்!

1974இல் மருத்துவர் நான்சி கரோலைன் இக்குழுவின் மருத்துவ இயக்குநரானார். மூச்சுக் குழாயில் குழாய் செலுத்துவது போன்ற, மருத்துவர்கள் மட்டுமே செய்துவந்த சிகிச்சைகளையும் இவர்கள் தெருவிலேயே செய்யும்படி பயிற்றுவித்தார். நாடு முழுவதற்குமான துணை மருத்துவர் பாடத்திட்டத்தை அவர் வகுத்தபோது, அதைச் சோதித்துப் பார்த்த களம் ஃபிரீடம் ஹவுஸ்தான்.

நன்றி மறந்த நகரம்

இத்தனைக்குப் பிறகு கிடைத்த பரிசு என்ன? நகர நிர்வாகம் சொந்தமாக ஓர் ஆம்புலன்ஸ் சேவையை ஏற்படுத்தியது. 1975 அக்டோபர் 15ஆம் தேதி ஃபிரீடம் ஹவுஸ் சேவை முடிவுக்கு வந்தது. அதன் ஊழியர்களைப் புதிய சேவையில் சேர்த்துக்கொள்வதாக உறுதி கூறப்பட்டது. சேர்ந்தவர்களோ, புதிய தேர்வுகளையும் தங்களைவிட அனுபவம் குறைந்த வெள்ளை மேலாளர்களையும் சந்தித்தார்கள். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். வித்தையை வைத்துக்கொண்டு, வித்தைக்காரர்களை வெளியே அனுப்பியது அந்த நகரம்.

தாக்குப்பிடித்த சிலரில் ஒருவர் ஜான் மூன். படிப்படியாக உயர்ந்து, அந்தச் சேவையின் துணைத் தலைவர் பொறுப்பை எட்டி, 2009இல் ஓய்வு பெற்றார். கறுப்பின இளையர்களைத் தேடிப் பிடித்து இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தார். அவர் கொண்டுவந்தவர்களில் ஒருவரான அமேரா கில்கிறிஸ்ட், 2023இல் பிட்ஸ்பர்க் அவசர மருத்துவச் சேவையின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் அவரே. மறுக்கப்பட்ட மரியாதை திரும்பி வர ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது.

ஒரு மனிதரின் உயிரைக் காக்கத் தகுதி எங்கிருந்து வருகிறது? பிறப்பிலிருந்தா, சான்றிதழிலிருந்தா? முறையான பயிற்சியிலிருந்தும் அக்கறையிலிருந்தும் வருகிறது என்று ஹில் வட்டாரத்து இளைஞர்கள் மெய்ப்பித்தார்கள். அவர்கள் சோதித்துக் காட்டிய முறை இன்று பல நாடுகளின் தெருக்களில் உயிர் காக்கிறது. அவசர வண்டியிலிருந்து இறங்கி நோயாளியின் அருகே மண்டியிடும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, அவர்கள் போட்டுக் கொடுத்த பாதையில்தான் நடக்கிறார்கள்.