ஹெச்.ஐ.வி.யுடன் வளரும் பிள்ளைகள்: 18 வயதுக்கு முன் குடும்பம் செய்ய வேண்டியவை

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நமது சென்னையில்தான். 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் தாயிடமிருந்து இந்த வைரஸைப் பெற்றுப் பிறந்த குழந்தைகளில் பலர் பள்ளிக்கூடம் போகும் வயதைக்கூட எட்டவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தமிழகத்தில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்று. 2006 நவம்பரில் குழந்தைகளுக்கென்றே தனித் திட்டம் வந்தது. அந்த மருந்தால் பிழைத்த குழந்தைகள் இன்று பிளஸ் டூ எழுதுகிறார்கள், கல்லூரிக்குப் போகிறார்கள், வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார்கள்.

ஆனால் சிறு வயதில் காப்பாற்றிய பிள்ளையை 18 வயதில் இழந்துவிடும் ஆபத்து ஒன்று இருக்கிறது. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் சிகிச்சைக்கு மாறும் காலம் அது. நமது குடும்பங்களில் இதைப் பற்றி வாய்விட்டுப் பேசுவது அரிது. அதனால்தான் இக்கட்டுரையில் இதை எடுத்துக்கொள்கிறோம்.

ராயபுரத்தில் என்ன மாறுகிறது?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதி மக்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனை ஸ்டான்லி. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கே ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. குழந்தைகளில் பலர் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார்கள். அது குழந்தைகளுக்கான மருத்துவமனை என்பதால், வளர்ந்தபின் அங்கேயே தொடர முடியாது. ஸ்டான்லிக்கோ வேறொரு பெரியவர்கள் மையத்துக்கோ மாற வேண்டும்.

சில பிள்ளைகள் ஆரம்பத்திலிருந்தே பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் பொதுவான மையத்தில் இருப்பார்கள். அவர்களுக்குக் கட்டடம் மாறாது. ஆனால் டாக்டர் கேள்வி கேட்கும் ஆள் மாறிவிடுவார். இதுவரை உம்மாவிடமோ நன்னிமாவிடமோ “மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா?” என்று கேட்டவர், இனி பிள்ளையிடமே கேட்பார். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, கடைசிப் பரிசோதனையில் என்ன வந்தது என்பதற்கெல்லாம் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். இதற்குப் பழகாத பிள்ளை இரண்டு முறை தடுமாறும், மூன்றாவது முறை போகாமலேயே இருந்துவிடும்.

இந்த வயது ஏன் ஆபத்தானது?

2005க்கும் 2012க்கும் இடையே உலக அளவில் எய்ட்ஸ் மரணங்கள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. அதே காலத்தில் 10 முதல் 19 வயதுடையோரிடம் அவை 50 சதவீதம் கூடின என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் எச்சரித்தது. மருந்து வந்த பிறகும் இந்த வயதுப் பிள்ளைகளை மருத்துவ ஏற்பாடுகள் தவறவிட்டன என்பதே அதன் பொருள்.

மாத்திரையை விட்டால் என்ன நடக்கிறது? ஏ.ஆர்.டி. வைரஸை உடலைவிட்டு முற்றிலும் அகற்றுவதில்லை, பெருக விடாமல் கட்டிப்போடுகிறது. அடிக்கடி மாத்திரை தவறினால் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைகிறது, வைரஸ் மீண்டும் பெருகுகிறது. அப்படிப் பெருகும்போது மருந்துக்குக் கட்டுப்படாத வகைகள் உருவாகலாம். பிறகு அதே மருந்தைச் சரியாகச் சாப்பிட்டாலும் பயன் குறைந்துவிடும், அடுத்த வரிசை மருந்துக்குப் போக நேரிடும். நோய் எதிர்ப்பு சக்தி குறையும்போது காசநோய் முதலில் நுழையும். நெருக்கமான வீடுகள் நிறைந்த வடசென்னையில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பிள்ளைகள் மாத்திரையை ஏன் விடுகிறார்கள்? மறதி மட்டும் காரணமல்ல. விடுதி அறையில் மற்றவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம். கல்யாண வீட்டில் தங்கும்போது பாட்டிலை எங்கே வைப்பது என்ற குழப்பம். நன்றாகத்தானே இருக்கிறோம், இது எதற்கு என்ற அலுப்பு. தனக்கு என்ன நோய் என்றே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுத்த வீட்டார் மீது வரும் கோபம். இவை எதற்கும் திட்டுவது மருந்தாகாது.

முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும்

“சத்து மாத்திரை”, “இரத்தம் ஊறும் மாத்திரை” என்று சொல்லிக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. சின்ன வயதில் அது ஓடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை மாத்திரையின் பெயரை செல்போனில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளும். பெற்றோர் வாயால் அன்போடு கேட்க வேண்டிய செய்தியை அது தனியாக, பயத்தோடு தெரிந்துகொள்கிறது.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, அதாவது 6 முதல் 12 வயதுக்குள், அவர்களின் புரியும் திறனுக்கு ஏற்பப் படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2011இல் தந்த வழிகாட்டல். முதலில், “உன் உடம்பில் ஒரு கிருமி இருக்கிறது, இந்த மாத்திரை அதைத் தூங்க வைக்கிறது” என்று சொல்லலாம். பிறகு கிருமியின் பெயரைச் சொல்லலாம். அது எப்படி வந்தது என்ற கேள்வி வரும்போது ஒளிக்காமல் பதில் சொல்லலாம். தாயைக் குற்றவாளியாக்கும் ஒரு சொல்கூட அந்தப் பதிலில் வரக் கூடாது. எப்படிச் சொல்வது என்று தயக்கமிருந்தால் ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகரை உடன் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

வயதுக்கேற்ற பொறுப்பு

18 வயது நிறைந்த நாளில் எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்ற வேண்டும்.

10 முதல் 12 வயது: மாத்திரை நேரத்தைப் பிள்ளையே நினைவுபடுத்தட்டும். எடுத்துக் கொடுப்பது பெரியவராக இருக்கட்டும். டாக்டரிடம் ஒரு கேள்வியாவது பிள்ளையே கேட்கட்டும்.

13 முதல் 15 வயது: மருந்தின் பெயர், சிடி4 என்றால் என்ன, வைரல் லோடு என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். சிடி4 எதிர்ப்பு சக்தியின் அளவு, அது கூட வேண்டும். வைரல் லோடு இரத்தத்திலுள்ள வைரஸின் அளவு, அது குறைய வேண்டும். நிலையாக இருப்பவர்களுக்கு வைரல் லோடு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கப்படுகிறது. அந்தத் தேதியும் பிள்ளைக்குத் தெரியட்டும். டாக்டரோடு சிறிது நேரம் தனியாகப் பேச விடுங்கள்.

16 முதல் 18 வயது: மருந்து வாங்கும் நாளை நினைவில் வைத்துத் தானே போய் வாங்கி வரட்டும், நீங்கள் வெளியே காத்திருங்கள். மாறப்போகும் மையத்துக்கு முன்கூட்டியே ஒருமுறை அழைத்துப் போய், அங்குள்ள ஆலோசகரை அறிமுகப்படுத்துங்கள். மாறும்போது சிகிச்சைப் புத்தகம், மாற்றல் கடிதம், பழைய பரிசோதனை முடிவுகள், இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் விவரம் ஆகியவற்றின் நகல்கள் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். புதிய மையத்தில் பதிவாகும் வரை இடைவெளி விழாதபடி கையில் மாத்திரை இருப்பதும் அவசியம்.

பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கு மாமாவோ சாச்சியோ நன்னிமாவோ இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். நன்னிமாவுக்கு வயதாகிவிட்டால் அடுத்து யார் என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.

நோன்புக் காலம்

பருவ வயதை எட்டிய பிள்ளை நோன்பு வைக்க ஆசைப்படும், வீட்டிலும் எதிர்பார்ப்பார்கள். இப்போது பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் தரப்படுவது டோலுடெகிராவிர் சேர்ந்த, நாளைக்கு ஒருமுறை சாப்பிடும் மாத்திரை. இதை சஹரிலோ இஃப்தாருக்குப் பிறகோ எடுத்துக்கொள்ளும்படி நேரத்தை மாற்றிக்கொள்ள முடியும். ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை மருந்து சாப்பிடுபவர்களும், காசநோய்க்கு மருந்து எடுப்பவர்களும், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் டாக்டர் சொல்லாமல் நோன்பு வைக்க வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் வெட்கம் எதுவுமில்லை. நோன்புக்காக மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

இன்னொன்று: இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளும் வயிற்றெரிச்சல் மருந்துகளும் டோலுடெகிராவிர் உடலில் சேர்வதைத் தடுக்கக்கூடும். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வேலை

நமது சமுதாயத்தில் பையன் படித்து முடித்ததும் துபாய், சவூதி, குவைத் என்றுதான் பேச்சு தொடங்குகிறது. வளைகுடா நாடுகளின் வேலை விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் உண்டு. தொற்று இருந்தால் விசா கிடைக்காது. தன் நிலை தெரியாத பிள்ளைக்கு, ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய பிறகு பரிசோதனை மையத்தில் அந்தச் செய்தி தெரிவது எவ்வளவு பெரிய அடி! வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் முன்பே தெரிந்திருந்தது என்பது அதைவிடப் பெரிய அடியாக விழும்.

ஆகவே 15, 16 வயதிலேயே உள்ளூரில் நிற்கக்கூடிய படிப்பையும் தொழிலையும் சேர்ந்து யோசியுங்கள். இந்தியாவில் வேலைக்குச் சேர ஹெச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்குவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. மாமா விசா அனுப்புவதாகச் சொன்னால், நோயின் பெயரைச் சொல்லாமலேயே, “இவன் இங்கேயே படிக்கட்டும்” என்று உறுதியாகச் சொல்லும் ஒரு பெரியவர் வீட்டில் இருந்தால் போதும்.

நிக்காஹ்

“நம் பிள்ளைக்குக் கல்யாணம் நடக்குமா?” என்பதுதான் தாய்மார்கள் இரவில் யோசிக்கும் கேள்வி. நடக்கும். 1998இல் ஒரு வழக்கில் ஹெச்.ஐ.வி. உள்ளவரின் திருமண உரிமைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்துகளை, 2002இல் அதே நீதிமன்றம் தேவையற்றவை என்று விலக்கிவிட்டது. மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்கு வைரஸைக் குறைத்து வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றுவதில்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாக அறிவித்தது. சிகிச்சை எதுவும் இல்லாதபோது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சையில் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது.

ஆனால் மறைத்து நடத்தும் நிக்காஹ் நியாயமில்லை. துணையாக வருபவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைப் பிள்ளையே, தன் விருப்பத்தோடு, தேவைப்பட்டால் ஆலோசகரின் துணையோடு சொல்ல வேண்டும். மஹல்லா முழுவதும் அறிய வேண்டியதில்லை. அறிய வேண்டியவர் ஒருவர்தான்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2017இல் இயற்றப்பட்ட ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்வி, வேலை, மருத்துவம், வாடகை வீடு எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. ஒருவரின் நிலையை அவரது சம்மதமின்றி வெளியிடுவதற்கும் தடை உண்டு. 18 வயதைக் கடந்த பிள்ளையின் சம்மதம் அவருடையது. பெற்றோர் கேட்டாலும் அவர் விரும்பாததை மருத்துவமனை சொல்லாது. இது சில பெற்றோருக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் அந்த நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை டாக்டரிடம் மனம் திறக்கும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பிரிவும் உண்டு. பாதிக்கப்பட்ட குடும்பத்தை நடத்தும் 12 முதல் 18 வயதுடைய, போதிய முதிர்ச்சியுள்ள மூத்த பிள்ளை, பள்ளியில் சேர்ப்பது, சிகிச்சை, வங்கிக் கணக்கு போன்றவற்றில் தன் தம்பி தங்கைகளுக்குக் காப்பாளராகச் செயல்படச் சட்டம் இடம் தருகிறது.

சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். ஆதரவற்ற குழந்தைகளுக்கான உதவிக்கு 1098.

நமது பங்கு

ஹெச்.ஐ.வி. ஒரே தட்டில் சாப்பிடுவதால் வராது, ஒரே ஹவ்ளில் ஒளு செய்வதால் வராது, தோளோடு தோள் சேர்ந்து தொழுவதால் வராது, முஸாஃபஹா செய்வதால் வராது. இதை ஒரு ஜும்ஆவில் இமாம் ஐந்து நிமிடம் சொன்னால், எந்த வீடு என்று தெரியாமலேயே அந்த மஹல்லாவின் சில வீடுகளில் பாரம் இறங்கும். ஜமாஅத்தின் மருத்துவ உதவி நிதியில், நோயின் பெயரைக் கேட்காமல் போக்குவரத்துச் செலவுக்கு உதவும் வழக்கம் இருந்தால், எழும்பூருக்கும் ஸ்டான்லிக்கும் போகும் நாட்கள் தவறாது. மருந்து இலவசம்தான், ஆனால் அன்றைய கூலி போய்விடும் அல்லவா?

பிள்ளை தன் மாத்திரையைத் தானே எடுத்துச் சாப்பிட்டு, தன் தேதியைத் தானே குறித்து வைத்து, டாக்டருக்குத் தானே பதில் சொல்லும் நாள் வரைதான் நம் வேலை. அது 18 வயதில் முடியலாம், 20இலும் முடியலாம். அதுவரை கையை விடாமல் கூடவே நடப்போம், இன்ஷா அல்லாஹ்.