சிங்கோனாப் பட்டையும் உம்மாவின் கெப்சூல்களும்

லூல்கந்துர என்றால் தெல்தோட்டையில் எவருக்கும் தேயிலைதான் ஞாபகம் வரும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்ட கதை எங்களுக்குப் பாலபாடம். அதே டெய்லர் அங்கு சிங்கோனாவும் வளர்த்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். மலேரியாக் காய்ச்சலுக்கான குயினைன் அதன் பட்டையிலிருந்துதான் வந்தது. ஆக, எங்கள் மலையில் ஒரு காலம் மருந்தும் விளைந்திருக்கிறது.

பற்றீரியாவைக் கொல்லும் 'அன்டிபயோடிக்' பிறந்ததோ பூஞ்சணத்தில். 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். 1941இல் ஒக்ஸ்போர்டில் ஒரு பொலிஸ்காரருக்கு அதை ஏற்றினார்கள். மனிதர் தேறினார். மருந்து போதவில்லை; அவருடைய சிறுநீரிலிருந்துகூட அதைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்தது, அவர் இறந்துபோனார். பிறகு மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிலும் தேடினார்கள். 1948இல் வெளிவந்த ஓரியோமைசின், டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் மூத்தபிள்ளை. அந்த ஆய்வுகூடத்தை வழிநடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இந்த மருந்துகள் நம் ஏழைகளுக்கும் எட்டியதில் பேராதனைக்குப் பங்குண்டு. அங்கு மருத்துவ பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் எழுதுங்கள், தேவையானதை மட்டும் ஒரே இடத்தில் கேள்விப்பத்திரம் கோரி வாங்குங்கள் என்றார். விலை இறங்கியது. 1977இல் கயானாவில் அவர் காலமானார்.

எட்டிய மருந்தை நாங்கள் என்ன செய்தோம்? டொக்டர் ஏழு நாளைக்குத் தந்தால் உம்மா மூன்று நாள் குடிப்பார். "மிச்சம் கெடக்கட்டும் மகன், புள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தா ஒதவும்" என்று அலுமாரியில் வைப்பார். தடிமலுக்கும் அதே கெப்சூல்தான். தடிமல் வைரசால் வருவது; அதை அன்டிபயோடிக் தொடாது. போன வருடம் உம்மாவின் கால் புண் சீழ் பிடித்தது. பழைய மருந்துக்கு இந்தக் கிருமி மசியாது என்று பரிசோதனை அறிக்கை வந்தது. வேறு மருந்து ஏற்றி, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, அல்ஹம்துலில்லாஹ், வீடு வந்தார். அந்தக் கெப்சூல்களால்தான் என்று நான் அறுதியிட்டுச் சொல்லமாட்டேன். ஆனால் போதாத அளவில் குடித்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று 1945இலேயே, நோபல் உரையில், பிளெமிங் எச்சரித்திருக்கிறார்.

அந்தப் பொலிஸ்காரருக்கு மருந்து போதவில்லை. நம் பேரப்பிள்ளைகளுக்கு மருந்து இருந்தும் கேட்காமல் போகக்கூடாது. வீட்டு அலுமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள்.