கோழிக் கூண்டும் மீன் தொட்டியும்: ஊருக்குப் போகும் நாட்களின் தீனிக் கணக்கு

நாமக்கல் வட்டாரத்தில் கோழிப்பண்ணையோடு எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சொந்தப் பண்ணை இல்லையென்றாலும் தீவன ஆலை, முட்டை லாரி, மருந்துக் கடை என்று எங்காவது ஒருவர் இருப்பார். அந்த வீடுகளில் பலவற்றில் இப்போது மீன் தொட்டியும் இருக்கிறது. பொங்கலுக்கோ மே விடுமுறைக்கோ வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது தொட்டியைப் பற்றி எழும் கவலை, பண்ணையில் பழகிய அதே கவலைதான்: வாயில்லா ஜீவன், ஒரு வேளை தவறினாலும் வாடிப்போகுமே! கோழிக்கு இது முழுக்கப் பொருந்தும். மீனிடம் இதே கணக்கைப் போட்டால் தொட்டி பாழாகிறது.

முட்டைக் கோழியின் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. நாளொன்றுக்கு 100 முதல் 110 கிராம் தீவனம் தின்னும். தண்ணீர் அதைப்போல இரு மடங்கு. அதாவது தன் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கைத் தினமும் தின்கிறது. உடம்பை 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருக்கவும், அநேகமாகத் தினம் ஒரு முட்டை இடவும் அவ்வளவும் தேவை. தீவனம் நின்றால் முட்டையும் நின்றுவிடும். கோழியைப் பட்டினி போட்டு இறகு உதிரவைத்து, மறுபடி முட்டைக்குத் திருப்பும் பழைய முறையைக் கொடுமை என்று சொல்லிக் கைவிடும்படி இந்திய விலங்கு நல வாரியம் 2011-ல் அறிவுறுத்தியது. சரியான அறிவுறுத்தல் அது.

மீனுக்கு உடம்பைச் சூடாக்கும் செலவே கிடையாது. தண்ணீர் என்ன சூடோ, உடம்பும் அதே சூடு. வளர்ந்த அலங்கார மீனுக்குத் தன் எடையில் ஒன்றிரண்டு சதவீதத் தீனி போதும். அதுவும் கிடைக்காத நாளில் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பை வைத்து ஓட்டிவிடும். நல்ல நிலையில் இருக்கும் கோல்டு ஃபிஷ், மோலி, ஏஞ்சல் எல்லாம் ஒரு வாரம் தீனி இல்லாமல் தாங்கும். செடி உள்ள தொட்டியில் பாசியையும் கொறித்துக்கொள்ளும். குஞ்சுகள் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. பிறந்து சில நாளே ஆன கப்பிக் குஞ்சுகளுக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் கசக்கி ஊட்டுவார்கள். அவை ஒரே நாளில் பல வேளை தின்றால்தான் பிழைக்கும். குஞ்சு உள்ள வீட்டில் ஆள் இருந்தே ஆக வேண்டும்.

தீனியைவிடப் பெரிய வேற்றுமை கழிவில் இருக்கிறது. கோழியின் கழிவு யூரிக் அமிலமாக, எச்சத்தின் மேல் வெள்ளைப் பூச்சாக வெளியே வரும். உயர்த்திக் கட்டிய கொட்டகையில் அது கூண்டுக்குக் கீழே தரையில் போய் விழுகிறது. நாளாவட்டத்தில் அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடியைப் பெரும்பாலும் காற்று கொண்டுபோய்விடும். மீனோ கழிவை அம்மோனியாவாகவே செவுள் வழியாக வெளியே விடுகிறது; மூச்சு வாங்குவதும் அதே தண்ணீரில். தின்னாமல் அடியில் தங்கும் தீனி அழுகினால் அதுவும் அம்மோனியாதான். ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றித் தருகின்றன. நாம் வழக்கமாகப் போடும் தீனியின் அளவுக்குத் தக்கபடி பெருகியவை அவை. ‘நாலு நாளைக்கு ஆகட்டும்’ என்று கிளம்பும்போது ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டால் அவற்றால் சமாளிக்க முடியாது.

சேலம், நாமக்கல் சமவெளியின் தண்ணீரும் வெயிலும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. நம் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது, காரத்தன்மை உள்ளது. அமில காரக் குறியீடு 7 உள்ள 25 டிகிரி நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. குறியீடு 8 ஆகி, சூடு 30 டிகிரிக்கு ஏறினால் அதே அம்மோனியாவில் ஏறத்தாழ ஏழு பங்கு நச்சாகிவிடும். சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரியை நெருங்கும்போது, பூட்டிய மாடி வீட்டுக்குள் தொட்டி நீர் 30-ஐச் சாதாரணமாகத் தாண்டும். சூடு ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். வெயிலில் கோழி தானாகவே தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். மீனின் உடல் இயக்கமோ சூட்டோடு சேர்ந்து வேகமெடுக்கும்; அதனால் கோடையில் மீனின் பட்டினி தாங்கும் நாளும் ஓரளவு குறைகிறது. மார்கழியில் பத்து நாள் தாங்கும் மீனைச் சித்திரையில் ஒரு வாரத்துக்கு மேல் விட நான் துணியமாட்டேன்.

கடையில் விற்கும் விடுமுறைக் கட்டிகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். பல கட்டிகள் ஜிப்சத்தில் செய்தவை. கரையக் கரைய நம் கடின நீரை மேலும் கடினமாக்கும். மீன் தின்னாத மிச்சமும் அடியில் தங்கும். தானாகச் சுழன்று தீனி போடும் டப்பா அதைவிட மேல். ஆனால் தொட்டியிலிருந்து எழும் ஈரத்தில் தீனி கட்டிப்பட்டு வாய் அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் ஒரே சுற்றில் மொத்தமும் கொட்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டி, வாயை ஆகக் குறைவான அளவில் வைத்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைப்பதென்றால் டப்பாவைக் கையில் கொடுக்கவே கூடாது. மேலே வந்து வாய் திறக்கும் மீனைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். இன்னும் ஒரு சிட்டிகை போடத் தோன்றும். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று மடித்து, மூன்று நாளைக்கு ஒன்று போதும் என்று சொல்லிக் கொடுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவ வேண்டாம்; பாக்டீரியா செத்துவிடும். விளக்கை அணைத்துவிடலாம், ஏர் பம்பும் ஃபில்டரும் ஓடட்டும். ஒரு வாரத்துக்குள் திரும்புவதாக இருந்தால் தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பக்கத்து வீட்டாரிடம் இதை மட்டும் கேளுங்கள்: கரண்ட் போய் வந்தால், பம்ப் மறுபடி ஓடுகிறதா என்று ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.