பிரதம கமிஷனர் ஆண்ட இரு துறைமுகங்கள்

அரபு நாடுகளில் இக்கால அரசாட்சி உருப்பெற்ற வரலாற்றை அறியப் புகுவோர் பெரும்பாலும் கெய்ரோவையும் பாக்தாதையுமே நோக்குவர். நாமோ இன்று அவ்வரலாற்றை அந்தமானின் கரையிலிருந்து நோக்கலாம். அரபு நாட்டுத் துறைமுகமாகிய ஏடனும் நம் அந்தமானும் ஒரு காலத்தில் ஒரே வகையான ஆட்சியின் கீழ் இருந்தன என்பது பலர் அறியாத செய்தி.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், 1858 மார்ச்சு 10-ஆம் நாள் டாக்டர் ஜே. பி. வாக்கர் இருநூறு கைதிகளுடன் அந்தமானில் வந்திறங்கினார். மக்கள் வாழும் நாட்டிற்கு அரசு அமைவது உலக வழக்கு. இங்கோ அரசு முதலில் வந்தது. ஆளப்படுவோரை அதுவே விலங்கிட்டுக் கொண்டுவந்தது. பன்னெடுங்காலமாக அங்கு வாழ்ந்த பழங்குடியினரை அது கணக்கிற் கொள்ளவில்லை. 1869-இல் நிக்கோபார் தீவுகளும் ஆங்கிலேயர் வசமாயின. 1872-இல் இரு தீவுக் கூட்டங்களும் ஒரு பிரதம கமிஷனரின் கீழ் வந்தன. சட்டம், காவல், சிறை, நிலம் யாவும் அந்த ஒருவர் கையில் இருந்தன. அவரைக் கேள்வி கேட்கும் உரிமை தீவில் எவருக்கும் இல்லை. அவ்வாண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், தீவுகளைப் பார்வையிட வந்த வைசிராய் மேயோ பிரபு, ஷேர் அலி என்னும் கைதியின் கத்திக்கு இரையானார்.

இனி ஏடனைப் பார்ப்போம். 1839-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அத்துறைமுகத்தைக் கைப்பற்றினர். செங்கடலுக்குச் செல்லும் வழியில் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்ற ஓரிடம் வேண்டும் என்பதே அவர்தம் முதல் நோக்கம். நெடுங்காலம் ஏடன் பம்பாய் அரசாங்கத்தின் கீழ் இருந்தது. 1932-இல் அது இந்திய அரசின் நேரடிப் பொறுப்பில் பிரதம கமிஷனரின் மாகாணம் ஆயிற்று. 1937-இல் இந்தியாவினின்றும் பிரிந்து தனிக் குடியேற்ற நாடாயிற்று. பிரிந்த பின்னரும் 1951 வரை அந்நகரக் கடைகளில் ரூபாயே செலாவணியாக இருந்தது. ஆக, ஏடனில் வாழ்ந்த அரபு மக்கள் இக்கால அரசு என்பதை முதன்முதலில் கண்டது கோட்டை, சுங்கச்சாவடி, காவல் நிலையம் ஆகிய வடிவங்களிலேதான். மக்களின் இசைவைக் கேட்கும் மன்றம் மிகப் பிந்தியே வந்தது.

அதிகாரத்தின் பெயர் வேறு, அதிகாரம் வேறு என்பதை உணர்த்தும் நிகழ்ச்சியொன்று அந்தமானில் நடந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றினர். 1943 நவம்பரில், தீவுகளை ஆசாத் ஹிந்த் அரசிடம் ஒப்படைப்பதாக அவர்கள் அறிவித்தனர். டிசம்பர் 30-ஆம் நாள் நேதாஜி போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அந்நாளிலேயே டாக்டர் திவான் சிங் முதலியோர் ஜப்பானியர் பிடியில் சிறையில் வாடினர். 1944 ஜனவரி 14-ஆம் நாள், சித்திரவதைக்குள்ளாகி அவர் உயிர் நீத்தார். அம்மாதம் 30-ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் நாற்பத்து நால்வர், ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே, தமிழரான லோகநாதன் பிரதம கமிஷனராக வந்து சேர்ந்தார். பதவியின் பெயர் அவருக்குக் கிட்டியது. காவல் துறையோ ஜப்பானியரிடமே தங்கிற்று. கல்வித் துறையே பெரும்பாலும் அவர் வசம் இருந்தது. சிறைக் கதவின் சாவி யாரிடம் இருந்ததோ அவரிடமே அரசும் இருந்தது.

அந்நியர் அகன்றால் இக்குறை தானே நீங்கிவிடுமா? ஏடனின் பிற்கால வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1967 நவம்பர் 30-இல் ஏடன் விடுதலை பெற்றுத் தெற்கு யேமனின் தலைநகராயிற்று. ஆயின் ஒரே கட்சியின் ஆட்சி அங்கு நிலைத்தது. 1986 ஜனவரியில் அக்கட்சித் தலைவர்களுக்குள் எழுந்த பூசல் தெருப் போராக மூண்டு, ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. ஆள்வோரை அமைதியாக மாற்றும் வழி இல்லாத இடத்தில், துப்பாக்கியே அவ்வழியாகிவிடுகிறது.

அந்தமான் வேறு வழியிற் சென்றது. 1956 நவம்பர் முதல் நாள் அது மத்திய அரசின் நேரடி ஆட்சிப் பகுதியாயிற்று. அதன் மக்களவை உறுப்பினர் நியமனம் பெற்றே வந்துகொண்டிருந்தார். 1967-இல்தான் மக்கள் முதன்முறையாக வாக்களித்து ஒருவரை அனுப்பினர். 1982-இல் பிரதம கமிஷனர் பதவி மறைந்து, துணைநிலை ஆளுநர் பதவி வந்தது. எனினும் தீவுகளுக்கெனச் சட்டமன்றம் ஒன்று இன்றுவரை அமையவில்லை.

மேலிருந்து வரும் ஆணை யாவும் தீயது என்றும் நாம் சொல்லிவிட முடியாது. பழங்குடியினரின் நிலத்தில் பிறர் நுழைவதைத் தடுத்த 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தால் பிறந்ததேயாம். எண்ணிக்கையிற் சிறியவர்களை வாக்கு மட்டுமே காத்துவிடாது என்பதற்கு அது சான்று. ஆயினும் ஆணையால் வந்த காப்பு ஆணையாலேயே நீங்கவும் கூடும். ஆதலின் ஏடனாயினும் அந்தமானாயினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஆள்பவர் யாருக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்? அவ்விடை ஆளப்படுவோரின் செவியில் விழும் நாளிலேதான் ஆட்சி அவர்களுடையதாகிறது.