ஒரு பயணம், ரெண்டு சூரியோதயம்

ஆன்சைட் போனப்ப 16 மணி நேரம் ஒரே சீட்டுல உட்கார்ந்திருந்தேன். கால் வீங்கிப்போய், முன்னாடி ஸ்க்ரீன் மேப்புல ஊர்ந்துகிட்டிருந்த குட்டி விமானத்தைத் திட்டிக்கிட்டே போய்ச் சேர்ந்தேன். பெர்த் - இலங்கை கதையைப் படிச்சதுக்கப்புறம் கொஞ்சம் வெக்கமாப் போச்சுங்க.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கையில் விழுந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து போற விமானப் பாதை அந்த ஊர் வழியாத்தான். அதோட அந்தப் பாதை அறுந்துபோச்சு. மறுபடி சேர்க்கணும்னா இந்தியப் பெருங்கடலை ஒரே தாவலில் தாண்டணும். பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் இருக்கிற கொக்கல ஏரி வரைக்கும் சுமார் 5,650 கிலோமீட்டர். நடுவில் இறங்க இடமே கிடையாது.

1943 ஜூனில் குவாண்டாஸ் இதை ஆரம்பிச்சது. கையில் இருந்தது 5 கேட்டலினா விமானங்கள். தண்ணியில் இறங்கி ஏறுற வகை. வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர்தான். நம்ம எக்ஸ்பிரஸ் ரயிலைவிட ஜாஸ்தி, அவ்வளவே! இன்னிக்கு ஒரு ஜெட் 7 மணி நேரத்தில் முடிக்கிற தூரத்துக்கு அது 27 மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கிட்டது. அதிகபட்சம் 32 மணி 9 நிமிஷம்.

அவ்வளவு நேரம் பறக்க பெட்ரோல் வேணுமே? விமானம் முழுக்க அதுதான். மிச்ச இடத்தில் 3 பயணிகள், 69 கிலோ தபால். ஆயுதம் கிடையாது. ஜப்பான்காரன் கண்காணிக்கிற பகுதியை ராத்திரி இருட்டில் தாண்டுற மாதிரி நேரம் கணக்குப் பண்ணிக் கிளம்புவாங்க. ரேடியோவில் வாயே திறக்கக் கூடாது. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வழி. அதனாலயோ என்னவோ, விமானங்களுக்கும் நட்சத்திரப் பேருதான்: ஆல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரிஸ், ஸ்பைகா.

வழியில் சூரியன் ரெண்டு தடவை உதிக்கும். போய்ச் சேர்ந்த பயணிக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியக் குழு' உறுப்பினர்னு ஒரு சான்றிதழ் வேற குடுத்தாங்க :-)

1945 ஜூலை வரைக்கும் 271 தடவை கடலைத் தாண்டினாங்க. ஒரு விமானம்கூட தொலையலை. ஆனா போர் முடிஞ்சதும், கடன் ஒப்பந்தத்தின்படி அந்த விமானங்களைக் கடலில் மூழ்கடிச்சிட்டாங்க. எந்தக் கடலும் தோற்கடிக்காத விமானங்களை ஒரு காகிதம் முடிச்சுவெச்சது. இதைப் படிச்சப்பதான் மனசு கனத்துப்போச்சு.

2019 நவம்பரில் அதே குவாண்டாஸ் லண்டன் - சிட்னி, சுமார் 17,800 கிலோமீட்டரை, நிக்காம 19 மணி 19 நிமிஷத்தில் சோதனையாப் பறந்து காட்டியது. தூரம் மூணு மடங்குக்கு மேல, நேரம் மூணில் ரெண்டு பங்கை ஒட்டி. அந்தத் திட்டத்துக்கு வெச்ச பேரு 'ப்ராஜெக்ட் சன்ரைஸ்'. மூழ்கடிச்சவங்களே மறக்கலை பாருங்க.

ரெண்டு ஊருக்கு நடுவில் இருக்கிற தூரம் மாறுறதே இல்லீங்க. அதைக் கடக்க மனுஷன் என்ன விலை குடுக்கிறான்ங்கிறதுதான் மாறுது. அடுத்த தடவை கால் வீங்கினா திட்ட மாட்டேன். முயற்சி பண்றேன்!