முதுகோடு முதுகு சேரும் சோடி



மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான எமது சகோதரிகளின் அறிக்கைகளில் 'ஹெர்-2 பொசிடிவ்' என்று இருப்பதைப் பலர் கண்டிருக்கிறோம். பொசிடிவ் என்றதும் வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. மஹரகமைக்கு அலையும் குடும்பங்களாவது அதை அறிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

கதை எலிக்குஞ்சின் கண்ணில் தொடங்குகிறது. 1950களில் அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன் நரம்பு வளர்ச்சி பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த குஞ்சுகளுக்கு ஏற்றியபோது, இரண்டு வாரமளவில் திறக்க வேண்டிய கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்தன. வேறொருவர் என்றால் தன் ஆய்வுக்குச் சம்பந்தமில்லை என்று விட்டிருப்பார். கோஹன் விடவில்லை. அதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து 1962 இல் வெளியிட்டார். 1986 இல் ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு நோபல் பரிசும் கிடைத்தது.

இந்த வளர்ச்சிக் காரணி, கலமென்சவ்வை ஊடறுத்து நிற்கும் ஒரு வாங்கிப் புரதத்தில் வெளியிலிருந்து ஒட்டுகிறது. கோழிகளில் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபணு, இதே வாங்கியின் வெளிப்பாகம் வெட்டுண்ட பிரதிதான் என்று 1984 இல் தெரியவந்தபோது ஆய்வுலகமே திடுக்கிட்டது.

வெளியே ஒட்டினால் உள்ளே எப்படித் தெரியும்? 1987 இல் யார்டனும் ஷ்லெசிங்கரும் விடை சொன்னார்கள். தனி வாங்கி பேசாது. இரண்டு சோடி சேர வேண்டும். சேர்ந்ததும் ஒன்று மற்றதன் வாலில் பொசுபேற்றை ஏற்றும். அதுவே 'பிரி, பெருகு' என்ற கட்டளையின் ஆரம்பம். அதே வருடம் டெனிஸ் ஸ்லாமன் குழுவினர் 189 மார்பகக் கட்டிகளைப் பார்த்தார்கள். சுமார் 30 சதவீதத்தில் ஹெர்-2 மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது.

வளர்ச்சிக் காரணி நடுவில் நின்று இரு வாங்கிகளையும் பசைபோல ஒட்டுகிறது என்று எண்ணுவது இயல்பு. 2002 இல் வெளிவந்த பளிங்குப் படங்கள் வேறு காட்சியைக் காட்டின. காரணிகள் இரு வெளிப்புறங்களிலும் இருக்க, வாங்கிகள் முதுகோடு முதுகு சேர்ந்து, மடக்கி வைத்திருந்த 'கை'யை நீட்டி ஒன்றையொன்று பிடித்திருந்தன. அடுத்த வருடம் ஹெர்-2 இன் படம் வந்தது. அதன் கை எந்நேரமும் நீட்டியபடியே! அழைக்க ஒரு காரணியும் தேவையில்லை. மென்சவ்வில் இவை நெருக்கியடித்து நின்றால் சோடி சேர்வது ஓயாது. கூடுதலாக நாடும் துணை ஹெர்-3. அது தனியே ஏறக்குறைய செயலற்றது. இந்தச் சோடியிலோ மிக வலியது.

1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ராஸ்டுசுமாப், ஹெர்-2 இல் மென்சவ்வுக்கு அருகே ஒட்டுகிறது. 2012 இல் வந்த பெர்டுசுமாப் அந்த நீட்டிய கையையே மறைக்கிறது. 'பொசிடிவ்' என்றால் இந்த வகை மருந்துகளுக்கு இலக்கு இருக்கிறது என்று பொருள். அறிக்கையில் 2+ என்றிருந்தால் முடிவு இன்னும் வரவில்லை. மரபணுப் பிரதிகளை எண்ணும் இன்னொரு பரிசோதனை வேண்டும்.

இதயத் தசைக் கலங்களுக்கும் ஹெர்-2 சேரும் சோடி தேவைப்படுகிறது. ஊசி ஏற்றும் காலத்தில் வைத்தியர்கள் இடைக்கிடை எக்கோ எடுக்கச் சொல்வது அதனால்தான்.